டீமன் என்றால் அசுரனா?

என் தங்கச்சியின் மகளுக்குப் பதின்மூன்று வயது, வன்னியில் புதுக்குடியிருப்பில் இருக்கிறாள். அங்கே போய் நிற்கிற நாட்களில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைபேசியில் ஒரு கதையை எனக்கு வாசித்துக் காட்டுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து பேர், பகலில் வீட்டுப்பாடம், இரவில் டீமன் (demon) என்கிற கெட்ட ஆவிகளோடு சண்டை. ஆங்கிலத்தில் சிரிப்பும் பயமும் கலந்து இளையோருக்கு எழுதுகிற நாவல்கள் நிறைய உண்டே, அப்படி ஒன்றின் தமிழாக்கம். அதில் டீமன் வருகிற இடமெல்லாம் 'அசுரன்', அந்தப் பிள்ளைகள் 'அசுர வேட்டையர்'. மூன்றாம் நாள் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "மாமா, அசுரன் எண்டா சூரன் மாதிரித்தானே? அப்ப எப்பிடி அலுமாரிக்குள்ள ஒளிச்சு நிக்கும்?"

மொழிபெயர்த்தவருக்கு வந்திருக்க வேண்டிய கேள்வி அது. டப்பிங் கார்ட்டூனிலும் படங்களின் எழுத்து வரிகளிலும் இதே 'அசுரன்' வந்து வந்து எனக்கு அலுத்துவிட்டது.

டீமன் கிரேக்கச் சொல், மூலத்தில் டைமோன். பங்கிடுவது என்ற வேரிலிருந்து வந்தது என்பார்கள், அதாவது மனிதருக்கு அவரவர் விதியைப் பங்கிட்டுக் கொடுப்பது. அப்போது அது நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. தவறான காரியத்துக்குப் போகாதே என்று சோக்ரதீசைத் தடுத்த உட்குரலுக்கும் இதே வேரில் பிறந்த சொல்தான். கிறிஸ்தவம் பரவிய பிறகு அது கெட்ட ஆவி ஆகிவிட்டது. இந்த நாவல்களில் வருவது அந்தக் கெட்ட ஆவிதான்.

அசுரன் வேறு இனம். கந்தசட்டி ஆறாம் நாள் எங்கள் ஊர்க் கோயில் வீதியில் சூரனைத் தோளில் தூக்கி ஆட்டும்போது பாருங்கள். ஆனைத்தலையைக் கழற்றிச் சிங்கத்தலையைப் பூட்டுவார்கள், பிறகு மாங்கொப்பு, கடைசியில் சேவலும் மயிலும். அவனுக்குத் தாய் மாயை, தகப்பன் காசிபன், தலைநகர் வீரமகேந்திரம். தவம் இருந்து வரம் வாங்கியவன். பட்டப்பகலில் படையோடு நேரே வந்து நிற்பவன் அசுரன். அவன் எந்தப் பிள்ளையின் உடம்புக்குள்ளும் புகுந்து குரலை மாற்றிப் பேசியதில்லை. இந்தக் கதைகளில் டீமன் செய்வதே அதுதான், ஆளைப் பிடிக்கிறது. தமிழில் ஆளைப் பிடிப்பது எது? பேய். "மைம்மல் நேரத்தில பாலை மரத்தடியால போகாதை" என்று அம்மம்மா சொன்னது அசுரனுக்குப் பயந்தா?

'வேட்டையர்' அதைவிட மோசம். வன்னியில் வேட்டை என்றால் பன்றி, மரை, உடும்பு. வீட்டுக்கு இறைச்சி வரும். பேயை யாரும் வேட்டைக்குப் போய்ப் பிடிப்பதில்லை. வேப்பிலையால் அடித்து, திருநீறு போட்டு, நூல் கட்டி, கழிப்புக் கழித்து ஓட்டுவார்கள். ஓட்டுகிறவர் பேயோட்டி. அகராதியிலும் இருக்கிற சொல், ஆச்சிமார் வாயிலும் இருக்கிற சொல். 'பேயடிப்பவர்' என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். நம் பேச்சில் அடிப்பது பேய்தான், "அவனுக்குப் பேய் அடிச்சுப்போட்டுது" என்போமே, ஆகவே அதுவும் குழப்பும்.

பேய் என்றால் செத்தவரின் ஆவி, டீமன் அது இல்லை என்று மறுப்பார்கள். அது பேயின் ஒரு பொருள்தான், முழுப் பொருள் இல்லை. காரைக்கால் அம்மையார் தன்னைக் 'காரைக்காற் பேய்' என்று பாடியது செத்த பிறகா? அவர் சொன்னது ஈசன் ஆடுகிற சுடுகாட்டில் கூட நிற்கும் பேய்க்கணத்தை. செத்தவரைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் ஆவி என்று எழுதலாம், தடையில்லை. பேய்க்கு அலகை என்பதும் நல்ல பழஞ்சொல், குறள் 850இல் இருக்கிறது. ஆனால் கத்தோலிக்கத் திருவிவிலியம் அதைத் தீயவர்களின் தலைவனுக்கு வைத்திருக்கிறது, மடு மாதா கோயிலுக்குப் போகிற சனத்துக்கு அது தெரியும், அங்கேயே இருக்கட்டும். சாத்தானும் ஒரே ஆள்தான், பன்மைக்கு உதவாது. பிசாசு வடமொழி, வீட்டில் பேய் இருக்கும்போது கடன் எதற்கு?

இதைவிட எனக்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தக் கதைகள் சிரிக்கவைக்க எழுதியவை. அசுரனை வைத்துச் சிரிப்பது கடினம், பேயை வைத்துத் தமிழ் தொள்ளாயிரம் வருடமாகச் சிரிக்கிறது. கலிங்கத்துப்பரணியில் இமயத்திலிருந்து திரும்பிய கிழப்பேய் ஒன்று, கற்றுவந்த மாய வித்தையைக் காளிக்குக் காட்டும். பட்டினி கிடந்த மற்றப் பேய்கள் மாயப் பிணங்களை நிசம் என்று நம்பி, விழுந்தடித்து ஓடிப் போய் அள்ளும்; வெறுங்கைதான் மிஞ்சும். பிறகு போர்க்களத்தில் கூழ் காய்ச்சுவதும் அதே பேய்கள்தான். நாங்களும் வீண்பேச்சுப் பேசுகிறவனைப் 'பேய்க்கதை கதைக்காதை' என்கிறோம், கெட்டிக்காரனைப் 'பேய்க்காய்' என்கிறோம். பயமும் பகிடியும் சேர்ந்து ஒட்டிய சொல் கையில் இருக்க, இந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில அகராதியைத் திறந்து முதலில் கண்ட கனமான சொல்லை எடுக்கிறார்கள். கனமாக இருந்தால் இலக்கியம் என்று நினைப்பு போல. வாசிக்கிற பிள்ளையின் வாயில் அது எப்படி விழும் என்று ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்திருக்கலாம்.

நான் மருமகளிடம் சொன்னேன்: அசுரன் வருகிற இடமெல்லாம் பேய் என்று வாசி, வேட்டையர் வந்தால் பேயோட்டிகள். அவள் ஒரு பந்தி வாசித்தாள். அலுமாரிக் கதவு திறக்கிறது, உள்ளே பேய் நிற்கிறது. தங்கச்சி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "உந்தப் பேய்க்கதையள் ராவில வாசிக்காதை பிள்ளை, மூடி வை" என்றாள்.