‘செக்’ கிளைத்த கதை

வங்கியில் கொடுக்கும் செக், சாலையில் வண்டிகளை மறிக்கும் செக்போஸ்ட், மருத்துவமனையில் செய்துகொள்ளும் செக்கப், சதுரங்கத்தில் அரசனுக்கு வைக்கும் செக், துணிக்கடையில் ‘செக்டு’ என்று கேட்டு வாங்கும் கட்டம் போட்ட சட்டை ஆகிய அனைத்திலும் இருப்பது ஒரே வேர்தான். அந்த வேர் ஆங்கிலத்துக்கு உரியதன்று. அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்ற பாரசீகச் சொல் அது.

இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்ற சதுரங்கத்தில், எதிராளியின் அரசனைத் தாக்கும்போது ‘ஷா’ என்று சொல்லி எச்சரிப்பது வழக்கம். ஆட்டத்தோடு சேர்ந்து இச்சொல்லும் அரபு, இலத்தீன், பழைய பிரெஞ்சு ஆகியவற்றின் வழியாக உருமாறி ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. ஆட்டத்தின் பெயரான ‘செஸ்’, அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்தது.

அரசன் தாக்கப்பட்டவுடன், தான் எண்ணியிருந்த நகர்வைக் கைவிட்டு அந்தத் தாக்குதலை நீக்குவதைத் தவிர ஆட்டக்காரருக்கு வேறு வழியில்லை. எனவே எச்சரிக்கையைக் குறித்த சொல் தடையைக் குறிக்கலாயிற்று; தடை கட்டுப்பாடானது; கட்டுப்படுத்துவதற்குக் கணக்கையும் ஆளையும் சோதிக்க வேண்டியிருந்ததால் சரிபார்த்தல் என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. புதிய பொருள் வந்த பிறகும் பழையது மறையவில்லை. பன்பொருள் ஒருசொல் என்று மொழியியலார் கூறுவது இதைத்தான். போட்டியைக் குறிக்கும் ‘மேட்ச்’ இணை என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்தும், தீக்குச்சியைக் குறிக்கும் ‘மேட்ச்’ விளக்குத்திரியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்தும் வந்து, ஒலியால் மட்டும் ஒன்றுபட்டவை; அவற்றின் கதை வேறு.

சதுரங்கப் பலகையின் கட்டங்கள் இன்னொரு கிளையைத் தந்தன. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசின் வருவாய்க் கணக்கை, சுமார் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட ஒரு மேசைமீது கோடுகள் இட்ட துணியை விரித்துப் பார்த்தனர். ரோமானிய எண்களைக் கொண்டு கூட்டுவதும் கழிப்பதும் கடினம் என்பதால், பென்னி, ஷில்லிங், பவுண்டு எனப் பிரித்த பத்திகளில் வில்லைகளை வைத்து நகர்த்திக் கணக்கிட்டனர். அந்த மேசை சதுரங்கப் பலகையைப் போலிருந்ததால், அத்துறைக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்ற பெயர் நிலைத்தது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் ‘எக்ஸ்செக்கரின் சான்சலர்’தான்.

வங்கிச் செக் பிறந்தது சரிபார்த்தல் என்ற பொருளிலிருந்து. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பணப்பத்திரத்தின் அடிக்கட்டையைக் குறித்தது. மோசடி நேராதபடி ஒப்பிட்டுப் பார்க்க உதவியது அந்த அடிக்கட்டையே. பின்னர் பெயர் தாளுக்கே மாறியது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷார் இதன் எழுத்துகளை ‘cheque’ என மாற்றிக்கொண்டனர்; அமெரிக்கர்களோ சரிபார்த்தலைக் குறிக்கும் ‘செக்’கைப் போலவே இதையும் ‘check’ என்று எழுதுகின்றனர். வரலாற்றுக்கு நெருக்கமானது அமெரிக்கர்களின் எழுத்துதான்.