மண்ணரிப்பு: சொல்லும் மலைச்சரிவும்

மேல்மண் துகள் துகளாகப் பெயர்ந்து நீரோடோ காற்றோடோ போவதுதான் மண்ணரிப்பு. வெப்பமண்டல மலைச்சரிவுகளில் காற்றின் பங்கு மிகச் சிறிது. அங்கே எல்லாம் மழையின் வேலை. தமிழ்நாட்டு வேளாண் நூல்கள் இதை ‘மண் அரிமானம்’ என்று எழுதும். இலங்கையில் ‘மண்ணரிப்பு’ என்பதே வழக்கு. ஆறும் கடலும் நிலத்தைக் கரைப்பதை இலங்கைப் புவியியல் நூல்களில் ‘தின்னல்’ என்றும் காணலாம்.

வேர் ‘அரி’. கறையான் ஏட்டை அரிக்கிறது, உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. சிறுகச் சிறுகத் தின்பது என்ற பொருள் எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொரு பொருள் அடுக்களையில் இருக்கிறது: அரிசியில் கல் அரிப்பது. பாத்திரத்தில் தண்ணீர் விட்டு ஆட்டினால் லேசான அரிசி நீரோடு மேலேறிப் போகும், கனமான கல் அடியில் தங்கும். சரிவில் ஓடும் மழைநீரும் மண்ணை அப்படித்தான் பிரிக்கிறது. நுண்ணிய களித்துகள், மக்கிய இலைப்பொடி, அவற்றோடு ஒட்டியிருக்கும் பொசுபரசு, நைதரசன் எல்லாம் முதலில் போய்விடும். பருமணலும் சரளையும் பின்தங்கும். அதனால்தான் அடித்துச் செல்லப்பட்ட வண்டல், அது விட்டுவந்த நிலத்தைவிட வளமாக இருக்கிறது. தின்பது, பிரித்தெடுப்பது என்ற இரண்டு வேலையையும் ஒரே சொல் தாங்குவதால், எனக்கு ‘அரிப்பு’ மிகப் பொருத்தமான கலைச்சொல்லாகப் படுகிறது.

ஆங்கிலத்தின் ‘ஈரோஷன்’ இலத்தீன் மொழியில் கொறித்துத் தின்பதைக் குறித்த வினையிலிருந்து வந்தது. எலி, அணில் போன்ற கொறிணிகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயருக்கும் அதே வேர்தான். ‘அரிமானம்’ என்பதில் உள்ள ‘மானம்’ தேய்மானம், வருமானம் ஆகியவற்றில் வருவது. அரிப்பு, அரிமானம் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவதைவிட, நடக்கும் செயலை அரிப்பு என்றும், ஆண்டுக்கு ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று கணக்கிடும் இழப்பை அரிமானம் என்றும் பிரித்து எழுதினால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

காடு மூடிய மலையிலும் மண் அரிபடும். அது இயல்பரிப்பு; பாறை சிதைந்து புது மண் உண்டாகும் வேகத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போவது. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூறு ஆண்டும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். காட்டை வெட்டித் தோட்டமாக்கினாலோ, தோட்டத்தைப் பிடுங்கிக் காய்கறிப் பாத்தியாக்கினாலோ அரிப்பு பல மடங்காகிவிடும். அதை விரைவரிப்பு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மழை அதே மழை, சரிவு அதே சரிவு. மாறியது நிலப் பயன்பாடு மட்டும்தான்.

அரிப்பு தொடங்குவது ஓடும் நீரில் அல்ல, விழும் துளியில். 5 மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளி விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் பட்டால் மண்கட்டி உடைந்து, துகள்கள் ஒரு மீட்டருக்கு மேலும் தெறிக்கும். சரிவான இடத்தில் மேல்பக்கம் தெறிப்பதைவிடக் கீழ்ப்பக்கம் தெறிப்பது தூரம் போகும். உடைந்த நுண்துகள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, உள்ளே இறங்க வேண்டிய நீர் மேலே ஓடத் தொடங்குகிறது. கனமழை பெய்து விட்ட பிறகு களை சுரண்டிய நிலத்தில் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு சிறு கல்லும் விரலளவு மண்தூண் ஒன்றின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். கல் மறைத்த இடத்தில் மண் நின்றிருக்கிறது, சுற்றியிருந்தது போய்விட்டது. அந்தத் தூணின் உயரம்தான் அங்கே பறிபோன மண்ணின் ஆழம்.

மரம் இருந்தாலே மண் காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கையும் இங்கேதான் உடைகிறது. உயர்ந்த மரத்தின் இலைநுனியில் திரண்டு சொட்டும் துளி, மழைத்துளியைவிடப் பெரிதாக இருக்கும். எட்டு, பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் இழந்த வேகத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுவிடும். காட்டில் அந்தத் துளியைத் தாங்குவது தரையில் கிடக்கும் சருகும், கீழ்ச்செடிகளும். சருகு எரிந்துபோன தேக்குத் தோட்டத்தில் மரங்கள் வரிசையாக நிற்க, அடியில் மண் கரைந்துகொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த வேறுபாட்டை எண்ணாகவும் சொல்லலாம். அமெரிக்காவில் விஷ்மையரும் ஸ்மித்தும் உருவாக்கி 1965 இலும் 1978 இலும் கையேடுகளாக வந்த பொது மண்ணிழப்புச் சமன்பாடு மழையின் தாக்கு வலு, மண்ணின் தன்மை, சரிவின் நீளம், செங்குத்து, நிலமூடல், காப்பு முறை என்று ஆறு காரணிகளைப் பெருக்குகிறது. எதுவும் விதைக்காமல் உழுது போட்ட வெறும் நிலத்துக்கு நிலமூடல் காரணி 1. சருகு மூடிய நல்ல காட்டுக்கு அது 0.001 வரை இறங்கும். மற்ற ஐந்தும் மாறாதிருக்க, மூடல் ஒன்று போனாலே ஆயிரம் மடங்கு வேறுபாடு. அமெரிக்காவின் மென்சரிவு விளைநிலங்களில் அளந்து செய்த சமன்பாடு அது. செங்குத்தான நம் மலைகளில் அதன் விடையை ஒப்பீட்டுக்குத்தான் கொள்ளலாம், துல்லிய அளவாகக் கொள்ளக்கூடாது.

இலங்கையின் மத்திய மலைநாடு இதற்கு நீண்ட சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1869 இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. காடழிப்பின் கேடு அன்றே தெரியாமலில்லை. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹூக்கர் கொடுத்த பரிந்துரையால், 1873 இல் 5,000 அடிக்கு மேல் காடு வெட்டுவது தடுக்கப்பட்டது. ஆனால் அதற்குக் கீழே வெட்டிய நிலத்தில் துரைமார் விரும்பியது ஒரு புல்கூட இல்லாத ‘சுத்தமான’ தோட்டம். களையெடுக்கக் கொடுத்த கருவி சுரண்டி. ஒவ்வொரு சுற்றுப் புல்லுவெட்டிலும் அது களையோடு மேல்மண்ணையும் கிளறி விட்டது; அடுத்த மழை அதை அள்ளிக்கொண்டு போனது.

விதையிலிருந்து வளர்த்த தேயிலை நட்ட பழைய மலைகளில் இன்றும் இதன் தடயம் உண்டு. தூர்களுக்கு நடுவே செத்துப்போன செடிகளின் இடம் வெற்றாகக் கிடக்கும். நிற்கும் தூர்களின் கழுத்துக்குக் கீழே, ஒருகாலத்தில் மண்ணுக்குள் இருந்த வேர்கள் வெளியே தெரியும். ஒட்டுமொத்தமாகத் தேயிலையைப் பழிப்பது சரியாகாது. சமவுயரக் கோட்டில் நெருக்கமாக நட்டு, கொழுந்துப் பரப்பு இடைவெளியின்றி மூடி, கவ்வாத்தில் (செடியை மட்டமாக வெட்டிவிடுவதில்) வெட்டிய கிளைகளை அடியிலேயே போட்டுவைத்த தேயிலை மண்ணை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். இளஞ்செடிக் காலமும், கவ்வாத்துக்குப் பின் வரும் மாதங்களும்தான் ஆபத்தானவை.

தோட்டத் தொழிலாளர் பேச்சில் மண் காப்புக்கென்று ஒரு சொல் உண்டு: கான். சரிவுக்குக் குறுக்கே, லேசான சாய்வோடு வெட்டும் வடிகால் அது. கானுக்குள் இடையிடையே மண்தடுப்பு விட்டு, நீரை மெல்ல நடக்க வைத்து, வண்டலைத் தங்க வைப்பார்கள். பிறகு அந்த வண்டலை அள்ளி மேல்பக்கம் போட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் தலைமுறை தலைமுறையாகக் கான் வெட்டியிருக்கிறார்கள். மண் காப்பு பற்றித் தமிழில் எழுதும்போது இந்தச் சொல்லை விட்டுவிடுவது அவர்கள் உழைப்பை விட்டுவிடுவதாகும். கலைச்சொல் அகராதிகள் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

1951 இல் இலங்கை மண் காப்புச் சட்டம் இயற்றியது. அதன் பிறகும் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் சரிவுகள் உருளைக்கிழங்குக்கும் கரட்டுக்கும் லீக்சுக்கும் மாறின. கிழங்குப் பயிருக்கு மண்ணை நடும்போதும் கொத்த வேண்டும், அறுவடையிலும் கிளற வேண்டும். இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தின் பிற்பகல் இடிமழை அந்த நேரம் பார்த்து வந்தால் வாய்க்கால் செந்நிறமாகும். மேல் மகாவலிப் படுகையிலிருந்து இப்படிப் போன மண் பொல்கொல்லையில் தங்கியது. 1976 இல் இயங்கத் தொடங்கிய அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் சுமார் 44 விழுக்காட்டை 1988க்குள் வண்டல் நிரப்பிவிட்டது.

இவ்வளவு நடந்தும் அரிப்பு கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் அதன் வடிவம். நீர் மெல்லிய படலமாக ஓடி எங்கும் ஒரே சீராகச் சுரண்டுவதைப் பரப்பரிப்பு என்கிறோம். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் குறைந்தால் 10 கனமீட்டர், அதாவது சுமார் 12 டன் மண். நிலத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. நீர் கூடி ஏர்ச்சால் அளவு கோடு கிழித்தால் சாலரிப்பு. அதுவும் அடுத்த கொத்தில் மறைந்துவிடும். கொத்தி மூட முடியாத பள்ளம் விழுந்த பிறகுதான் எல்லோரும் பேசத் தொடங்குகிறார்கள்.

செய்திகளில் மண்ணரிப்பையும் மண்சரிவையும் குழப்புகிறார்கள். துகள் துகளாக நீர் கொண்டுபோவது அரிப்பு. நீர் ஊறிய மலைப்பகுதி ஒன்று தன் எடை தாங்காமல் மொத்தமாக இறங்குவது சரிவு. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) புதைத்தது மண்சரிவு. ஆழ வேரோடும் மரங்களை அகற்றுவது இரண்டையும் தூண்டலாம், ஆனால் தடுக்கும் வழிகள் வேறு. கானும் சருகு மூடாக்கும் அரிப்பைக் குறைக்கும். ஆழத்தில் நீர் தேங்கி நகரக் காத்திருக்கும் சரிவை அவை நிறுத்தா. அங்கே குடியிருப்பவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும்.