ஜூன் விடுமுறையும் பிள்ளைகளின் கண்ணும்

சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை முடிந்ததும் நான் வேலை பார்க்கும் கண் பரிசோதனை நிலையத்தில் கூட்டம் கூடிவிடும். போன வருடம் கிட்டப்பார்வை 100 டிகிரி (கண்ணாடியின் பவர் 1) இருந்த பிள்ளைக்கு இப்போது 200 என்று சொன்னால் அம்மா, அப்பா முகம் வாடிப்போகிறது. "வீட்டுக்குள்ளேயே அடைச்சு வைக்கலையே மேடம், வாராவாரம் வெளியே கூட்டிட்டுத்தானே போறோம்" என்பார்கள். எங்கே என்று கேட்டால், கடைத்தொகுதிக்குள் இருக்கும் விளையாட்டுக் கூடம். காசும் கட்டியிருப்பார்கள், பிள்ளையும் வியர்க்க விறுவிறுக்க ஓடியிருக்கும். ஆனால் கண்ணுக்கு அது வெளியே போன கணக்கில் வராது.

ஓடியாடுவது உடம்புக்கு நல்லது. கிட்டப்பார்வையைத் தள்ளிப்போடுவது பகல் வெளிச்சம். விழி அளவுக்கு மீறி நீண்டு வளர்வதால்தான் கிட்டப்பார்வை வருகிறது. நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து அந்த வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். விளக்கு போட்ட அறையில் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். வெளியே மர நிழலிலேயே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். வெட்டவெளியில் பல்லாயிரம்.

2008இல் வந்த ஓர் ஆய்வைப் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் 6, 7 வயதுள்ள சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். கிட்டப்பார்வை சிட்னியில் 3.3 விழுக்காடு, இங்கே 29.1 விழுக்காடு. சிட்னிப் பிள்ளைகள் படித்த புத்தகங்கள்தான் அதிகம்! பெரிய வித்தியாசம் வெளியில் இருந்த நேரத்தில்: அங்கே வாரத்துக்குப் பதின்மூன்றே முக்கால் மணி நேரம், இங்கே மூன்று மணி நேரம். இரண்டுமே கடலோர நகரங்கள். நமக்கும் கடற்கரை இருக்கிறது, அதற்கு நுழைவுக்கட்டணமும் இல்லை.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் சாங்கிக் கடற்கரைக்குப் போகச் சொல்வேன். கடல் உள்வாங்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பகலில் போங்கள். ஈர மணலில் குனிந்து பார்த்தால், சங்கைச் சுமந்துகொண்டு ஒரு நண்டு நகரும். நம் நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அசையாமல் காத்திருந்தால் முதலில் ஒரு கால் வரும், பிறகு கண் இரண்டும் மெல்ல எட்டிப் பார்க்கும். பிள்ளைக்கு அரை மணி நேரம் போனதே தெரியாது. பார்த்ததோடு சரி, வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். விடுமுறைக் கூட்டம் அள்ளிக்கொண்டு போனதில் அந்தக் கரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறது. மூடிய காலணி கட்டாயம், விஷமுள்ள கல்மீன் மணலில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலப் பலகைப் பாதையில் சேற்றில் துள்ளும் மீன்களைப் பார்க்கலாம். பட்டம் விட மரினா பராஜ் அணைக்கட்டின் புல்வெளிக் கூரைக்கு ஈடான இடம் எனக்குத் தெரிந்து இங்கே இல்லை. தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கும் ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டமும் இலவசம்தான், திங்கட்கிழமை மூடியிருக்கும். அங்கே குழந்தையோடு வந்தால்தான் பெரியவர்களை உள்ளே விடுவார்கள். பெற்றோர் வேலைக்குப் போய், தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளும் வீடென்றால் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போதும். கூரை போட்ட கீழ்த்தளத்தில் அந்த வெளிச்சம் கிடைக்காது, அதைத் தாண்டி வெளியே வரவேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்பது நாங்கள் சொல்லும் அளவு. உச்சி வெயிலில் நிற்க வைக்காதீர்கள். காலை 10 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் போனாலே வேண்டிய வெளிச்சம் இருக்கும். தொப்பி போடலாம், நிழலில் உட்காரலாம். அப்போதும் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கண்ணுக்குப் போகும். ஆனால் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். ஜூனில் விடிகாலையிலும் முற்பகலிலும் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் வந்துவிடும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கும் இது பொருந்துமா என்று கேட்கிறார்கள். கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில்தான் வெளிச்சத்தின் பலன் தெளிவாகத் தெரிகிறது. வந்த பிறகு ஏறாமல் தடுக்க அது மட்டும் போதாது. அட்ரோபின் சொட்டு மருந்தோ அதற்கென்று உள்ள சிறப்புக் கண்ணாடியோ தேவையா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். 500 டிகிரியைத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை விலகும் ஆபத்து கூடுகிறது, அதனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, பேருந்து எண் தெரியாமல் உங்களைக் கேட்பது, இதில் ஏதாவது ஒன்றைக் கண்டால் பள்ளி திறப்பதற்கு முன்பே பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.