காசுக் கணக்குச் செயலிக்குள் தகவல் எந்த வாசல் வழியாக வருகிறது?

போன வருடம் ஒரு மாதக் கடைசியில் என் செயலி, அந்த மாதம் நான் 4,260 சிங்கப்பூர் வெள்ளி செலவழித்துவிட்டதாகச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியது. எனக்குக் கைக்கு வரும் சம்பளமே அவ்வளவு கிடையாது. உட்கார்ந்து நோண்டிப் பார்த்தால் விஷயம் சின்னது. சாமான், பிள்ளையின் டியூஷன், ஊருக்கு டிக்கெட் என்று கிரெடிட் கார்டில் 1,380 வெள்ளி தேய்த்திருந்தேன், அது ஒரு தடவை. பிறகு அந்தக் கார்டு பில்லைச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டினேன், அதே 1,380 இன்னொரு தடவை. இரண்டு கணக்கு அறிக்கைகளையும் நான்தான் இறக்கி ஏற்றியிருந்தேன். செயலிக்கு இரண்டுமே செலவு.

நல்ல செயலி இந்த இடத்தில் ஜோடி தேடும். ஒரு கணக்கில் கழிந்த தொகை, அதே அளவில், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இன்னொரு கணக்கில் வரவாகியிருந்தால் அது செலவில்லை, நம் இடது பையிலிருந்து வலது பைக்குப் போன காசு என்று புரிந்துகொண்டு இரண்டையும் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். கார்டு அறிக்கையை ஏற்ற மறந்துவிட்டால் ஜோடி கிடைக்காது, கணக்கு உதைக்கும்.

அதிலிருந்து யாராவது “எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்க எந்தச் செயலி நல்லது?” என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் தகவல் அதற்குள் எப்படி வருகிறது? வண்ணப் படம் எல்லாரும் போடுவார்கள்.

பழைய வழி ஒன்று உண்டு. வங்கியின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் செயலியிடம் கொடுத்துவிடுவது. அதன் கணினி நாம்தான் என்று சொல்லி உள்ளே போய், திரையில் இருப்பதைச் சுரண்டி எடுத்து வரும். இது வீட்டுச் சாவியையே கொடுப்பது மாதிரி. இருப்பைப் பார்க்கத்தான் கொடுத்தோம், ஆனால் அந்தச் சாவி எல்லா அறையையும் திறக்கும். கடவுச்சொல்லை யாருக்கும் தரக்கூடாது என்பது வங்கிகளின் விதி, பிரச்சினை வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். தவிர, சிங்கப்பூரில் இந்த வழி நடைமுறையிலும் நொண்டும், ஏனென்றால் உள்நுழைய, வருவது நாம்தான் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் டோக்கனும் கைப்பேசியில் வேண்டும். 2024 ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓடிபி எண் போட்டு உள்நுழையும் வழக்கத்தையே படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தன.

இன்னொரு வழி கோயில் அர்ச்சனைச் சீட்டு மாதிரி. வீரமாகாளியம்மன் கோயிலில் சீட்டு வாங்கினால் உங்களுக்கு அந்த அர்ச்சனை நடக்கும். சீட்டைக் காட்டி உண்டியலைத் திறக்கச் சொல்ல முடியாது. இங்கே நீங்கள் உள்நுழைவது வங்கியின் சொந்தப் பக்கத்தில்தான். வங்கி உங்களிடம் சம்மதம் கேட்டு, செயலிக்கு ஒரு நீண்ட எழுத்துச் சரத்தைக் கொடுக்கும். எதைப் பார்க்கலாம், எவ்வளவு நாள் பார்க்கலாம் என்ற வரம்பு அந்தச் சீட்டோடு கட்டப்பட்டிருக்கும். கடவுச்சொல் செயலியின் கைக்கே போவதில்லை.

சிங்கப்பூரில் 2020 டிசம்பரில் வந்த எஸ்ஜிஃபின்டெக்ஸ் என்ற நிதித் தகவல் இணைப்பு இந்த வகை. வங்கிச் செயலிக்குள் இணைப்பு வசதியைத் தொட்டால் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் திறக்கும், எந்தெந்த இடத்திலிருந்து தகவல் எடுக்கலாம் என்று நாம் சொல்வோம், ஒவ்வொரு வங்கிக்கும் தனியாக ஒப்புதல் தருவோம். முதலில் 7 வங்கிகளும், மத்திய சேமநிதி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), வருமான வரி ஆகிய மூன்று அரசு அமைப்புகளும் இருந்தன. பிற்பாடு பங்குகள் வைக்கும் சிடிபியும் காப்புறுதி நிறுவனங்களும் சேர்ந்தன. நடுவில் இருக்கும் அமைப்பு நம் தகவலைச் சேமித்து வைப்பதில்லை, பூட்டிய பொட்டலமாக ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கிறது. சம்மதம் ஒரு வருடம் செல்லும்.

இதைக் கேட்டதும் வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம்தான் தெரிந்தது, இந்தக் குழாயில் வருவது இருப்பு: சேமிப்பில் இவ்வளவு, கார்டில் பாக்கி இவ்வளவு, வீட்டுக் கடன் இவ்வளவு. செவ்வாய்க்கிழமை காப்பிக்கடையில் எவ்வளவு போனது என்ற வரிவரியான கணக்கு அதில் வராது. ‘என்னிடம் என்ன இருக்கிறது’ என்பதும் ‘எங்கே போகிறது’ என்பதும் வேறு வேறு கேள்விகள், இரண்டையும் ஒரே செயலி தீர்க்கும் என்று எதிர்பார்த்துத்தான் நாம் மாதத்துக்கு ஒன்றாக இறக்கிப் பார்த்து அழிக்கிறோம்.

செலவை வகை பிரிப்பது வேடிக்கையான வேலை. கார்டை ஏற்கும் ஒவ்வொரு கடைக்கும் 4 இலக்கக் குறியீடு ஒன்று இருக்கிறது: மளிகை, பேரங்காடி என்றால் 5411, உணவகம் என்றால் 5812. வங்கி இதைப் பார்த்து வகை போட்டுவிடும். நாம் இறக்கும் அறிக்கையில் பெரும்பாலும் கடைப் பெயர் மட்டும்தான் இருக்கும், அதுவும் பலகையில் இருக்கும் பெயராக இருக்காது, பதிவு செய்த கம்பெனிப் பெயராக இருக்கும். தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக்குப் பேநவ்வில், அதாவது கணக்கிலிருந்து நேராகக் கைப்பேசி வழியாக, 18 வெள்ளி அனுப்பினால் அதில் குறியீடும் கிடையாது. நண்பனுக்குத் திருப்பிக் கொடுத்த கடனும் இறைச்சியும் செயலிக்கு ஒரே முகம். பேருந்து, எம்ஆர்டிக்கு வங்கி அட்டையைத் தட்டினால் சில நாள் பயணம் சேர்ந்து ஒரே வரியாக விழும். இதையெல்லாம் செயற்கை நுண்ணறிவு பிரித்துக் கொடுக்கும் என்று விளம்பரம் செய்தால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் வழி இப்போது இதுதான்: இருப்பைப் பார்க்க எஸ்ஜிஃபின்டெக்ஸ் இணைத்த வங்கிச் செயலி, மாதம் ஒரு தடவை. ஆனால் எந்த வங்கியின் செயலியில் பார்க்கிறோமோ அந்த வங்கிக்கு நம் மற்ற வங்கிக் கணக்கும் தெரிந்துவிடுகிறது. அது பிடிக்காவிட்டால் அரசின் நிதித் திட்டமிடல் தளமான மைமணிசென்ஸ் இருக்கிறது, அவர்களிடம் விற்க எதுவும் இல்லை. செலவுக்குக் கையால் எண் போடும் எளிய செயலி. கையால் போடுவது தொல்லைதான், ஆனால் 6 வெள்ளி 50 காசு என்று விரலால் அழுத்தும்போது உறைக்கிறது.

சேமநிதியை மட்டும் மொத்தத்தோடு சேர்த்துப் பார்க்காதீர்கள், தனி வரியாக வையுங்கள். அதில் இருக்கும் பணம் உங்களுடையதுதான், வட்டியும் வருகிறது, ஆனால் நாளைக்கு வேலை போனால் எடுத்துச் சாப்பிட முடியாது. அப்படிச் சேர்த்துப் பார்த்து என் மைத்துனர் ஒரு வாரம் பணக்காரராக இருந்தார்.

செயலி பிடிக்கவில்லை என்றால் கைப்பேசியிலிருந்து அழிப்பதற்கு முன்னால் உள்ளே போய்ச் சம்மதத்தை ரத்து செய்துவிடுங்கள். திரையில் இருக்கும் செயலிப் படத்தை அழித்தால் வங்கி கொடுத்த சீட்டு தானாகச் செல்லாமல் போகாது. ஊரில் இருக்கும் வங்கிக் கணக்கும், அம்மா பெயரில் போடும் நகைச்சீட்டும் இந்த இணைப்பில் வராது, அவற்றைக் கையால்தான் போட வேண்டும்.