இருபத்திரண்டு குறிகளில் அடங்கிய காலம்

1911-இல் வெடித்து மஞ்சு (சிங்) அரச வம்சத்தைக் கவிழ்த்த புரட்சியைச் சீனர்கள் ஷின்ஹாய் புரட்சி என்பார்கள். ஷின்ஹாய் ஊரும் இல்லை, தலைவரும் இல்லை. அந்த ஆண்டின் பெயர்.

நம்மிடமும் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்கள் உண்டு. ஆனால் அறுபதையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தாக வேண்டும். சீனர்களுக்கு இருபத்திரண்டு குறிகள் போதும்: 'வானத் தண்டுகள்' பத்து, 'பூமிக் கிளைகள்' பன்னிரண்டு. எலி, எருது, புலி என்று புத்தாண்டுச் செய்திகளில் வரும் விலங்குகள் இந்தக் கிளைகளோடு பிற்பாடு ஒட்டிக்கொண்டவைதான்.

பத்துப் பல் உள்ள சக்கரம் ஒன்று, பன்னிரண்டு பல் உள்ள சக்கரம் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டுமே ஒரு பல் நகரும். முதல் தண்டும் முதல் கிளையும் சேர்ந்தது ஜியாட்ஸு ஆண்டு. பத்து ஆண்டில் தண்டுகள் தீர்ந்துவிடும், கிளையில் இன்னும் இரண்டு பாக்கி. அதனால் பதினோராம் ஆண்டில் முதல் தண்டு பதினோராம் கிளையோடு சேர்கிறது. மறுபடி ஜியாட்ஸு வர 60 ஆண்டு ஆகும். பத்தும் பன்னிரண்டும் பெருக்கினால் 120 ஆயிற்றே? ஒற்றைப்படைத் தண்டுக்கு ஒற்றைப்படைக் கிளைதான் வாய்க்கும், இரட்டைக்கு இரட்டை. பாதி ஜோடிகள் சேரவே சேராது.

தண்டுகள் பத்து என்பதால் ஒரு வசதி. ஆங்கில ஆண்டின் கடைசி இலக்கமே தண்டைச் சொல்லிவிடும். 4 என்றால் ஜியா, 1 என்றால் ஷின். கிளைக்கு, ஆண்டிலிருந்து 4-ஐக் கழித்து 12-ஆல் வகுக்க வேண்டும். 1911-க்கு மீதி 11. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் கடைசிக் கிளை, ஹாய். சீனப் புத்தாண்டு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ பிறப்பதால், அதற்கு முந்தைய நாள்கள் பழைய ஆண்டுக் கணக்கில் போகும்.

சரி, எந்த ஷின்ஹாய் என்று எப்படித் தெரியும்? அரசரின் ஆட்சிப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். யாரும் 60 ஆண்டு ஆளப்போவதில்லை என்பதால் இது நன்றாகவே ஓடியது, சிங் பேரரசர் காங்ஷி வரும்வரை. அவருடைய முதல் ஆண்டு 1662, அறுபத்தோராம் ஆண்டு 1722. இரண்டுக்கும் ஒரே பெயர், ரென்யின். பேரன் சியான்லோங் தாத்தாவை மிஞ்சக் கூடாது என்று 60 ஆண்டோடு பட்டத்தைத் துறந்தார். அவர் ஆட்சியில் சுற்று சரியாக ஒருமுறை முடிந்தது.

உண்மையில் ஆண்டுக்கு வருமுன்பே இந்த முறை நாள்களுக்கு இருந்தது. ஷாங் அரசர்கள் குறி கேட்ட எலும்புகளிலேயே, மூவாயிரம் ஆண்டுக்கு முன், நாள்களை இப்படித்தான் பொறித்திருக்கிறார்கள். மாதம், ஆட்சி எது மாறினாலும் நாள் சுற்று தன்பாட்டுக்கு ஓடும். பழைய சீனாவின் லூ நாட்டுக் குறிப்பு ஒன்று 'ஜிசி' நாளில் சூரிய கிரகணம் என்கிறது. வானியல் கணக்கில் அது கி.மு. 720 பிப்ரவரி 22. அன்றிலிருந்து இன்றுவரை அறுபது அறுபதாக எண்ணினாலும் நாள் பிசகவில்லை. எனக்கு இந்த முறையிலேயே பிடித்த அம்சம் இதுதான்.

பொழுதுக்குக் கிளைகள் மட்டும். ஒரு நாளுக்குப் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் நமது இரண்டு மணி நேரம். முதல் பொழுது இரவு 11-க்குத் தொடங்கி 1 மணிக்கு முடியும், நள்ளிரவு அதன் நடுவில். ஏழாவதான குதிரைப் பொழுதின் நடுவில் உச்சி வெயில்.

சிக்கல் அதற்கும் கீழே. நாளை 100 'கெ'-யாகவும் பிரித்திருந்தார்கள். ஒரு கெ 14 நிமிடம் 24 விநாடி. நூறு பன்னிரண்டால் வகுபடாது. ஒரு பொழுதுக்கு எட்டேகால் கெ-யும் கொஞ்சமும் வரும். 6-ஆம் நூற்றாண்டில் லியாங் அரசர் வூ இதை 96 ஆக்கிப் பார்த்தார், நிலைக்கவில்லை. கடைசியில் ஏசு சபைப் பாதிரியார்கள் உதவியோடு 1645-இல் வந்த சிங் நாள்காட்டிதான் 96-ஐ நிலைநிறுத்தியது. இன்றும் பெய்ஜிங்கில் கால் மணி நேரத்துக்குப் பெயர் 'கெ'.