வழியுறதெல்லாம் லாவா இல்லீங்க

திங்கக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ஒரு பழைய ஸ்டூடண்ட் போன். ஞாயித்துக்கிழமை பர்த்டே ஆர்டருக்கு 24 சாக்கோ லாவா கேக் காலைலயே செஞ்சு டப்பால அடுக்கி அனுப்பிருக்காங்க, பார்ட்டி சாயங்காலம், இப்ப அஞ்சாறு குழந்தைங்களுக்கு காய்ச்சல், வயித்துப்போக்கு, "மேடம் கேக்காலயா இருக்கும்?"னு அழறாங்க. அத டாக்டர்தான் சொல்லணும், ஆனா எப்படி செஞ்சீங்கன்னு கேட்டேன். "சாதா பிரவுனி மாவுதான் மேடம், அஞ்சு நிமிஷம் முன்னாடியே எடுத்துட்டேன், நடுவுல சூப்பரா வழிஞ்சுச்சு."

இந்த வருஷம் இதே பதில மூணாவது தடவையா கேக்கறேன்.

அது லாவா இல்லீங்க, வேகாத மாவு. பச்சை முட்டை, பச்சை மைதா. நடுவுல வழியுதுன்னா சூடா இருக்கு, சூடா இருந்தா கிருமி செத்திருக்கும்னு எல்லாரும் நெனைக்கறாங்க, ஆனா சாக்லேட் நம்ம வாயில வெச்சாலே உருகுது, அதுக்கு 34 டிகிரி போதும். முட்டை கலந்த மாவுல சால்மோனெல்லாங்கற கிருமி சாகணும்னா உள்ள 71 டிகிரி வரணும். வெதுவெதுன்னு இருக்கறது கிருமிக்கு மெத்தை போட்ட மாதிரி, அதையும் டப்பால மூடி ஏழெட்டு மணி நேரம் வெச்சா கேக்கவே வேணாம்.

"நான் எக்லெஸ்தான் மேடம்"னு உடனே ஒருத்தர் வருவாங்க. மைதாவும் பச்சைப் பொருள்தாங்க, வயல்ல வெளைஞ்சு மில்லுல அரைச்சு வருது, யாரும் வேக வெச்சு பாக்கெட் போடல. 2016ல அமெரிக்கால மைதாவால மட்டும் 60 பேருக்கு மேல ஈ.கோலிங்கற கிருமித் தொற்று வந்துச்சு. கிண்ணத்த வழிச்சு நக்கக் குடுக்கற அம்மாக்களும் கேட்டுக்கோங்க.

பிரான்ஸ்ல மிஷெல் ப்ராங்கற செஃப் 1981ல இந்த லாவா கேக்க செஞ்சப்ப மாவ அரைவேக்காட்டுல விடல, கனாஷ (சாக்லேட்ட கிரீமோட உருக்கிக் கலந்தது) உறைய வெச்சு மாவுக்குள்ள வெச்சாரு. கேக் வேகும், நடுவுல கனாஷ் உருகும். அவ்ளோதான் ரகசியம். 100 கிராம் டார்க் சாக்லேட், 60 மில்லி கிரீம், பெரிய நெல்லிக்காய் சைஸ்ல உருட்டி ஃப்ரீசர்ல வைங்க (காம்பவுண்ட் சாக்லேட் போட்டுட்டு டேஸ்ட் வரலன்னு என்கிட்ட வராதீங்க). ஓடிஜி ஓவன் 200 டிகிரில நல்லா சூடாகட்டும், மாவு, உருண்டை, மேல மாவு, 12 நிமிஷத்துல பாக்க ஆரம்பிங்க. உறைஞ்ச உருண்டை பக்கத்துல மாவு லேட்டாத்தான் வேகும், அதனால தெர்மாமீட்டர அங்க குத்தி 71 வந்திருக்கான்னு பாருங்க, ஓரத்துல குத்தி ஏமாறாதீங்க. ஒரு தெர்மாமீட்டர் வாங்க யோசிக்கறீங்க, கேக்க சுத்தி ஐசிங் பண்ற டர்ன்டேபிள் மட்டும் மூணு வெச்சிருக்கீங்க!

ஆர்டருக்குன்னா என் பேச்ச கேளுங்க, கப்கேக்க முழுசா வேக வெச்சு, நடுவுல தோண்டி, கனாஷ் ஊத்திக் குடுங்க. அதுலயும் கிரீம் இருக்கு, ஃப்ரிட்ஜ்லதான் இருக்கணும், வெளில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேணாம். சாப்பிடறப்ப மைக்ரோவேவ்ல சூடு பண்ணா வெளிய சில்லுனு இருக்கும், உள்ள கொதிக்கும், குழந்தைங்களுக்கு பிளந்து ஆற வெச்சு குடுங்க, ப்ளீஸ். கர்ப்பமா இருக்கறவங்க, வயசானவங்க அரைவேக்காடு பக்கமே போக வேணாம்.

அந்தப் பொண்ணுகிட்ட, பார்ட்டி வீட்டுக்கு இப்பவே போன் பண்ணி எப்படி செஞ்சீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, டாக்டருக்கு அது தெரியணும்னு சொன்னேன். சரி மேடம்னாங்க. அப்புறம் மெதுவா, "நாளைக்கு ஒரு 12 பீஸ் ஆர்டர் இருக்கு, கேன்சல் பண்ணிடவா?"

பண்ணிடுங்கம்மா.