கார்டு போயிடுச்சு என்று முடிவு கட்டும் முன்

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். கல்யாண ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங்தான் அவருக்குத் தொழில். கையில் மளிகைக் கடைப் பை, அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய கிராபிக்ஸ் கார்டு.

"அண்ணே, கார்டு போயிடுச்சு, வேற வாங்கிக்கோன்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

"சிபியு எங்க தம்பி?"

"வீட்ல இருக்குண்ணே. கார்டுதானே பிரச்சினை?"

தண்டையார்பேட்டையில் 20 வருடமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பேச்சு நடக்காத வாரமே இல்லை. கார்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குக் கரண்ட் கொடுப்பது எஸ்எம்பிஎஸ், அது உட்காருவது மதர்போர்டு ஸ்லாட்டில், படம் வெளியே போவது கேபிள் வழியாக. இவற்றில் எது சொதப்பினாலும் பழி கார்டின் தலையில்தான் விழும். அதனால் சிபியுவையும் அதே எச்டிஎம்ஐ கேபிளையும் கொண்டு வரச் சொன்னேன்.

சாயங்காலம் ஆட்டோவில் எடுத்து வந்தார். கேபினட்டோடு சேர்த்து விற்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ். கார்டுக்குத் தேவையான 6 பின் வயரே அதில் இல்லை. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் வயரில் ஒரு கன்வெர்ட்டரைச் செருகி, யாரோ ஒப்பேற்றிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கன்வெர்ட்டரின் கறுப்பு பிளாஸ்டிக் ஒரு மூலையில் வெல்லப்பாகு மாதிரி இளகி இறுகியிருந்தது. மஞ்சள் வயரின் உறை பழுப்பேறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை.

கணக்கைப் பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் கார்டுக்கு 75 வாட் வரை தரும். 6 பின் இணைப்பு இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். சாட்டா பவர் கனெக்டரோ 12 வோல்ட்டில் 54 வாட் வரைதான் தாங்கும். பிரவுசர் திறந்து மெயில் பார்க்கும்வரை ஒன்றும் தெரியாது. எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக மாற்றும் எக்ஸ்போர்ட் போட்டதும் கார்டு முழு மூச்சில் ஓடும், கனெக்டர் சூடேறும், வோல்டேஜ் இறங்கும், திரை கறுத்துவிடும். 12 வோல்ட் லைன் வேலை நடக்கும்போது 11.4-க்குக் கீழே இறங்கக்கூடாது. மீட்டர் வைத்தேன், 11.1 காட்டியது. 6 பின் வயர் உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டி, இரண்டு மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓட விட்டேன். கார்டு ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. தீய்ந்த வாடை வந்த பிறகு "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று தயவுசெய்து ஆன் செய்யாதீர்கள்.

திரையில் கோடு கோடாகவோ கட்டம் கட்டமாகவோ வந்தால், நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் கார்டையோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையோ சந்தேகப்படலாம். படம் சுத்தமாக இருந்தால் முதலில் கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே, ஆன் செய்ததும் வரும் பயாஸ் திரையிலேயே கோடு வந்தால் அது டிரைவர் கோளாறு இல்லை. அப்புறம், "நோ சிக்னல்" என்று பதறி வருபவர்களில் பலர் கேபிளை கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள். அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று, கூடவே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புகையும் தூசியும். இரண்டும் ஈரத்தில் சேர்ந்து, கார்டின் சூட்டை இறக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க் இடுக்குகளில் கரும்பசையாக அப்பிக்கொள்ளும். புளோயர் அடித்தால் மட்டும் போகாது, பிரஷ்ஷும் வேண்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். ஸ்லாட்டில் இறங்கும் தங்க நிறப் பற்களை வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தாலே உயிர் பெற்ற கார்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல், தின்னர் பக்கம் போகாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது "ஹீட் அடித்துத் தருகிறேன்" என்று காசு வாங்கும் வேலை. சிப்புக்கு அடியிலுள்ள நுண்ணிய இணைப்புகளில் விரிசல் விட்டிருந்தால், சூட்டில் அவை கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும், பிறகு பழையபடி போய்விடும். அதற்குள் போர்டு வளைந்திருந்தால், மெமரி சிப்பை முறையாக மாற்றத் தெரிந்தவராலும் காப்பாற்ற முடியாது. எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எல்லாக் கார்டையும் பிழைக்க வைக்க முடியாதுதான். சில உண்மையிலேயே போய்விடும், அதையும் நேராகச் சொல்லிவிடுவேன்.

செகண்ட் ஹாண்ட் வாங்குபவர்களுக்கு ஒன்று. பழைய சிப் உள்ள கார்டில், அது என்ன மாடல் என்று கணினிக்குச் சொல்லும் பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயரில் விற்ற போலிக் கார்டுகள் உண்டு. பணம் கொடுக்குமுன் ஜிபியு-இசட் மென்பொருளில் திறந்து பாருங்கள், இப்படிப்பட்ட பல போலிகளை அதுவே காட்டிக்கொடுக்கும்.

சிபியுவை மூடும்போது அந்தத் தம்பியிடம் கேட்டேன், "கேபினட்ல கை வச்சா ஜிவ்வுன்னு இருக்குமா?"

"ஆமாண்ணே. அது எப்பவும் இருக்குறதுதானே?"

இல்லை. எர்த் இல்லாத வீட்டில், எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கசிவதில் கேபினட் தகட்டில் ஏறக்குறைய 110 வோல்ட் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஜிவ்வென்ற உணர்வோடு போகிறது. ஆனால் ஆன் செய்தபடியே டிவிக்கு எச்டிஎம்ஐ செருகினால், அந்த ஒரு நொடியில் கார்டின் போர்ட்டே போய்விடலாம். எர்த் சரியாகும்வரை இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் கேபிள் செருக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு எலக்ட்ரீஷியன் ஒருவரோடு அவர் வீட்டுக்குப் போனேன். சுவர் சாக்கெட்டைக் கழற்றினார். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லை.